கொடைக்கானல் வெப்பமானி ஆலையும் பாதரச நோயும்

திண்டுக்கல் மாவட்டத்தின் மலைநகரமான கொடைக்கானலில், காய்ச்சல் பார்க்கும் வெப்பமானிகளைச் செய்யும் ஆலை ஒன்று 1980களின் முற்பகுதியில் தொடங்கி 2001 மார்ச் வரை இயங்கியது. வெப்பமானியின் உள்ளே இருப்பது பாதரசம். ஆலையின் உடைந்த கண்ணாடிக் கழிவு பாதரசத்தோடு ஒரு பழைய பொருள் கடையில் கிடந்தது வெளியே தெரிந்ததும் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் தங்கள் நோய்க்குப் பாதரசமே காரணம் என்று கூறி நீதிமன்றம் சென்றனர். 15 ஆண்டுகள் கழித்து, 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்கள் தொடர்பாக உடன்பாடு ஏற்பட்டது.

இந்த வரலாற்றைச் சுற்றுச்சூழல் போராட்டமாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். இக்கட்டுரை அதை ஒரு நோயின் வரலாறாகப் பார்க்கிறது. ஓர் ஆலையிலோ காற்றிலோ நீரிலோ இருந்து மெல்ல மெல்ல உடலுக்குள் சென்ற நஞ்சால் வரும் நாட்பட்ட நோயை எப்படி அறிவது? எப்படி நிறுவுவது? மருத்துவத்தால் எதைச் சரிசெய்ய முடியும், எதைச் சரிசெய்ய முடியாது? இந்தக் கேள்விகளுக்குத் தமிழ்நாட்டில் கொடைக்கானலைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பாதரசம் உடலுக்குள் செல்லும் வழி

பாதரசம் சாதாரண வெப்பநிலையில் திரவமாக இருக்கும் ஒரே உலோகம். நீரைவிடச் சுமார் 13.5 மடங்கு அடர்த்தி கொண்டது. கழிய 39 டிகிரி செல்சியசுக்கு அருகில்தான் உறையும். 357 டிகிரியில் கொதிக்கும். கொதிக்காவிட்டாலும், தரையில் சிந்திய நீர் ஆவியாவதைப் போல, அறை வெப்பத்திலேயே அது சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டிருக்கும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆபத்து முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் பள்ளி ஆய்வகத்தில் பாதரசத் துளியை மாணவர்களின் உள்ளங்கையில் உருட்டிக் காட்டியதுண்டு. அது கையில் ஒட்டாமல் ஓடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் வியப்பார்கள். தோலில் ஒட்டாத பொருள் உடலுக்குள்ளும் போகாது என்றே நாங்களும் எண்ணியிருந்தோம். அது தவறு. திரவப் பாதரசத்தை ஒருவர் விழுங்கிவிட்டால் குடல் அதை மிகமிகச் சிறிய அளவே உறிஞ்சும். பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும். ஆனால் அதன் ஆவியைச் சுவாசித்தால் ஏறத்தாழ 80 விழுக்காடு நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இரத்தத்தில் கலந்த பாதரசம் மூளைக்குள் நுழையும். கருவுற்ற பெண்ணின் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவையும் அடையும். பிறகு பெருமளவு சிறுநீரகங்களில் போய்ச் சேரும்.

பாதரசத்தின் எல்லா வடிவங்களும் ஒரே மாதிரி நஞ்சல்ல. வெப்பமானியில் இருக்கும் உலோகப் பாதரசம் ஒரு வகை. அதன் உப்புகள் இன்னொரு வகை. இவை முதலில் சிறுநீரகத்தையும் குடலையும் தாக்குகின்றன. ஏரியின் அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றும்போது மூன்றாவது வகை உருவாகிறது. இது மீனின் உடலில் சேர்ந்து, மீனை உண்பவரின் நரம்பு மண்டலத்தைக் கெடுக்கிறது. கொடைக்கானல் தொழிலாளர்களைப் பொறுத்தவரை முதன்மையான பேச்சு முதல் வகையைப் பற்றியது.

பாதரச ஆவியைப் பல மாதங்கள், பல ஆண்டுகள் சுவாசித்தவருக்கு வரும் அறிகுறிகள் நன்கு அறியப்பட்டவை. விரல், இமை, உதடு ஆகியவற்றில் நடுக்கம் தொடங்கும். ஈறு வீங்கும், எச்சில் மிகுதியாக ஊறும், பல் ஆடும். சிறுநீரில் புரதம் வெளியேறும். இவற்றோடு மனநிலையும் மாறும்: காரணமில்லாத கூச்சம், எரிச்சல், தூக்கமின்மை, மறதி. கடைசியாகச் சொன்னவையே குடும்பத்தை அதிகம் குழப்புபவை. கை நடுங்கினால் நோய் என்பார்கள். சிடுசிடுத்தால் குணம் மாறிவிட்டது என்பார்கள். நஞ்சு மனிதனின் சுபாவம் போல வேடமிட்டு வருவதால், நோயாளியே தான் நோயாளி என்பதை அறியாமல் ஆண்டுகள் கடந்துவிடக்கூடும்.

பழைய நோய், பழைய கேள்வி

தமிழ்நாட்டுக்குப் பாதரசம் புதியதல்ல. சித்த மருத்துவத்தில் ரசம், சூதம் முதலிய பெயர்களில் அது வழங்குகிறது. இரசவாதம் என்ற சொல்லே அதிலிருந்து பிறந்ததுதான். அதைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக்கூடாது என்பது சித்த மருத்துவ மரபின் விதி. அது நஞ்சு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு அந்த விதியே சான்று. முகம் தெளிவாகத் தெரியாத பழைய கண்ணாடியை 'ரசம் போன கண்ணாடி' என்று இன்றும் சொல்கிறோம். முற்காலத்தில் கண்ணாடியின் பின்புறம் வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்த கலவையைப் பூசினார்கள்; வழக்கில் நிற்பது அந்த நினைவு.

அப்படிக் கண்ணாடிக்கு ரசம் பூசிய தொழிலாளர்களின் நடுக்கத்தைப் பற்றி எழுதியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி. தொழிலாளர்களின் நோய்கள் பற்றிய அவருடைய இலத்தீன் நூல் 1700 இல் வெளிவந்தது. நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய பழைய கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்று அதில் அவர் வலியுறுத்தினார்: நீ என்ன தொழில் செய்கிறாய்? தொழில்சார் மருத்துவம் என்ற துறை இந்த ஒரு கேள்வியிலிருந்து வளர்ந்தது என்று சொல்லலாம்.

அதற்கு முன்பே, இன்றைய சுலோவீனியாவில் உள்ள இத்ரியா பாதரசச் சுரங்கத்தில் 1665 இல் வேலை நேரம் ஆறு மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. நஞ்சோடு இருக்கும் நேரத்தைக் குறைத்தால் நோய் குறையும் என்ற எளிய அறிவு அது. ஆனாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொப்பி செய்பவர்கள் 19 ஆம் நூற்றாண்டு முழுவதும் பாதரச நைட்ரேட்டால் முயல் ரோமத்தைப் பதப்படுத்திக் கை நடுங்கி வாழ்ந்தனர். அமெரிக்காவில் தொப்பித் தொழிலில் பாதரசத்தின் பயன்பாடு முடிவுக்கு வந்தது 1941 இல்தான்.

1956 மே 1 அன்று சப்பானின் மினமாட்டா நகரில், நிறுவன மருத்துவமனை ஒன்றின் தலைவராக இருந்த மருத்துவர் ஹஜிமே ஹோசோகாவா, காரணம் தெரியாத நரம்பு நோய் பரவுவதாகச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தார். சிசோ நிறுவனத்தின் கழிவுநீரிலிருந்த மீத்தைல் பாதரசம் மீன்கள் வழியாக மக்களை அடைந்திருந்தது. 1959 இல் அவரே அந்தக் கழிவைப் பூனைக்கு ஊட்டிப் பார்த்து, அதே நோய் வருவதைக் கண்டார்; அந்த முடிவு அப்போது வெளியே வரவில்லை. சப்பான் அரசு ஆலைக் கழிவே காரணம் என்று முறையாக ஏற்றது 1968 செப்டம்பரில். நோய் தெரிந்து காரணம் ஏற்கப்பட 12 ஆண்டுகள் ஆயின. கொடைக்கானலின் கதையும் இதே காலதாமதத்தின் கதை.

நியூயார்க்கிலிருந்து பழனி மலைக்கு

கொடைக்கானல் ஆலை அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள வாட்டர்டவுன் நகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தது. அங்கே சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்த வெப்பமானி ஆலையின் இயந்திரங்கள் 1980களின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. ஆலை பாண்ட்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்கியது. சீஸ்பரோ பாண்ட்சை யூனிலீவர் பின்னர் வாங்கியது. 1998 இல் பாண்ட்ஸ் இந்தியா, இந்துஸ்தான் லீவருடன் இணைந்தது. இந்நிறுவனமே இன்றைய இந்துஸ்தான் யூனிலீவர்.

ஆலைக்கான கண்ணாடியும் பாதரசமும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தன. செய்து முடித்த வெப்பமானிகள் அமெரிக்காவுக்கே ஏற்றுமதியாகி, அங்கிருந்து பிற நாடுகளுக்கும் போயின. மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து, விற்பனையும் வெளிநாட்டில். கொடைக்கானலின் பங்கு உழைப்பு. கழிவும் இங்கேயே தங்கியது.

ஆலை நின்ற இடமும் கவனிக்க வேண்டியது. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல், சோலைக்காட்டை ஒட்டிய சரிவு அது. கீழே பாம்பார் சோலை. அங்கிருந்து இறங்கும் நீர் வைகைப் படுகையைச் சேர்கிறது. மேலே சிந்துவது கீழே இறங்கும் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

மூஞ்சிக்கல், 2001

ஆலையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கொடைக்கானலின் மக்கள் நெருக்கமான மூஞ்சிக்கல் பகுதியில் பழைய பொருள் கடை ஒன்று இருந்தது. அங்கே உடைந்த வெப்பமானிக் கண்ணாடி, பாதரசம் ஒட்டியபடி, சாக்குகளிலும் திறந்தவெளியிலும் கிடந்தது. பழனிமலைப் பாதுகாப்புக் கழகமும் கிரீன்பீஸ் அமைப்பும் உள்ளூர் மக்களும் 2001 மார்ச் 7 அன்று இதை வெளிப்படுத்தி ஆலையை நோக்கி ஊர்வலம் போனார்கள். விதிமுறைகளுக்கு மாறாகக் கண்ணாடிக் கழிவு விற்கப்பட்டிருந்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டு உற்பத்தியை நிறுத்தியது. ஆலை அதன்பின் திறக்கப்படவே இல்லை.

2003 மே மாதத்தில், ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவும் கண்ணாடியும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள மறுசுழற்சி நிலையத்துக்குக் கப்பலில் அனுப்பப்பட்டன. வளர்ந்த நாடுகளின் நச்சுக் கழிவு வளரும் நாடுகளில் வந்து இறங்குவதே வழக்கமாக இருந்த காலத்தில், கழிவு எதிர்த்திசையில் பயணம் செய்தது புதுமை. சூழல் இயக்கத்தினருக்கு இது பெரிய வெற்றி.

ஆனால் சாக்கில் கட்டிக் கப்பலில் ஏற்றக்கூடியது கழிவு மட்டுமே. தொழிலாளரின் உடலில் என்ன நடந்திருந்தது என்ற கேள்வி மலையிலேயே நின்றது. சிறுநீரகக் கோளாறு, நடுக்கம், தோல் தொல்லை, கருச்சிதைவு, உடன் வேலை செய்தவர்களின் இளவயது மரணம் என்று முன்னாள் தொழிலாளர்கள் பட்டியலிட்டனர். ஆபத்து என்னவென்று தங்களுக்கு உரியபடி சொல்லப்படவில்லை, பாதுகாப்புச் சாதனங்கள் போதுமானவையாக இல்லை என்றும் கூறினர். நிறுவனம் இதை மறுத்தது. பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தன, மருத்துவ ஆய்வுகளில் பாதரசத்தால் பாதிப்பு எதுவும் தெரியவில்லை என்பதே அதன் நிலைப்பாடு.

ஏன் நிறுவ முடியவில்லை?

இரு தரப்பில் யார் சொல்வது சரி என்று தீர்மானிக்கச் சிறுநீரைச் சோதித்தால் போதுமே என்று தோன்றும். உலோகப் பாதரசத்தை அளக்கச் சிறுநீர்ச் சோதனைதான் ஏற்ற வழி. ஆனால் அந்தச் சோதனைக்கு ஒரு காலவரம்பு உண்டு.

உடலில் சேர்ந்த பாதரசத்தில் பாதி வெளியேற ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகின்றன. இதை அரைவாழ்வுக் காலம் என்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆலையில் கடைசி நாள் வேலை செய்த ஒருவரின் சிறுநீரில் லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் பாதரசம் இருந்ததாக வைத்துக்கொள்வோம். இது மிக உயர்ந்த அளவு. இரண்டு மாதத்தில் அது 100 ஆகும். நான்கு மாதத்தில் 50. ஆறு மாதத்தில் 25. ஓராண்டு முடியும்போது 3 மட்டுமே இருக்கும். பாதரசத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத சாதாரண மனிதரிடமும் காணக்கூடிய அளவு அது.

ஐந்தாண்டு என்றால் 30 அரைவாழ்வுக் காலம். இரண்டை முப்பது முறை பெருக்கினால் நூறு கோடிக்கு மேல் வரும். அதாவது தொடக்கத்தில் இருந்ததில் நூறு கோடியில் ஒரு பங்குகூட மிஞ்சாது. உண்மையான உடலில் கணக்கு இவ்வளவு சீராக இராது. மூளையில் தங்கிய பாதரசம் மெதுவாகவே வெளியேறும். ஆனால் அதைச் சிறுநீர்ச் சோதனை காட்டாது.

ஆலை மூடியது 2001 இல். முன்னாள் தொழிலாளர் நலச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது 2006 இல். நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு தொழிலாளர்களின் நிலையை ஆராய்ந்தபோது, உடல் பாதரசத்தை எப்போதோ வெளியேற்றிவிட்டிருந்தது. தொழிலாளர்களின் அப்போதைய உடல்நிலையை முன்பு நேர்ந்த பாதரசத் தொடர்போடு இணைக்கப் போதிய சான்று இல்லை என்றே அந்தக் குழு முடிவு கூறியது.

இந்த முடிவை எப்படிப் புரிந்துகொள்வது? நஞ்சு வெளியேறிவிட்டது என்பதால் அது செய்த சேதமும் வெளியேறிவிட்டது என்று பொருளாகாது. வீட்டுக்குள் புகுந்து உடைத்துவிட்டுப் போன திருடன் இப்போது வீட்டில் இல்லை என்பதால் உடைந்த கதவு தானாகச் சரியாகிவிடுமா? சிறுநீரகத்தின் நுண்குழல்களும் நரம்புச் செல்களும் கெட்டது கெட்டதுதான்.

அதே சமயம் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சிறுநீரக நோய் சர்க்கரை நோயாலும் இரத்த அழுத்தத்தாலும் வரும். நடுக்கம் முதுமையாலும் வரும். ஒரு தனி மனிதரைப் பரிசோதித்து, இவருடைய நோய் பாதரசத்தால் வந்தது என்று ஐந்தாண்டு கழித்து உறுதியாகச் சொல்லும் கருவி மருத்துவத்திடம் இல்லை. ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டால் சொல்லலாம்: ஆலையில் வேலை செய்தவர்களையும், அதே ஊரில் அதே வயதில் வேறு தொழில் செய்தவர்களையும். அதற்கும் அடிப்படையாக வேண்டியது பழைய பதிவேடு. வேலைக்குச் சேர்ந்த நாளில் சிறுநீரகம் எப்படி இருந்தது? ஆண்டுதோறும் பாதரச அளவு எவ்வளவு? ஆலையின் எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு?

அன்று நடைமுறையில் இருந்த 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதைக் கேட்காமல் இல்லை. பாதரச நோய் அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. தெரிவிக்கும் கடமை ஆலை மேலாளருக்கும் உண்டு, சிகிச்சை தரும் மருத்துவருக்கும் உண்டு. போபால் பேரழிவுக்குப் பின் 1987 இல் செய்த திருத்தம், நஞ்சோடு வேலை செய்பவர்களின் மருத்துவப் பதிவுகளை முறையாக வைக்க வேண்டும், அவை தொழிலாளியின் பார்வைக்கும் கிடைக்க வேண்டும் என்றது. நாட்பட்ட நோயின் வழக்கில் இத்தகைய பதிவுதான் சாட்சி. ஆண்டுதோறும் தன் சிறுநீரில் எவ்வளவு பாதரசம் இருந்தது என்ற தாள் தொழிலாளியின் கையிலேயே இருந்திருந்தால் அவர் வல்லுநர் குழுவின் முன் வெறுங்கையோடு நின்றிருக்க மாட்டார். நஞ்சு இல்லை என்றால் அதே தாள் நிறுவனத்துக்கும் சான்றாகியிருக்கும்.

மரத்தில் இருந்த பதிவேடு

மனித உடலில் இல்லாத பதிவு வேறிடத்தில் இருந்தது. ஐதராபாத்தில் உள்ள, அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஆய்வு மையத்தின் அறிவியலாளர்கள் கொடைக்கானலில் மரங்களில் படர்ந்த லைக்கன்களையும் பாசிகளையும் சேகரித்து ஆராய்ந்தனர். லைக்கன்களுக்கு வேர் இல்லை. தேவையானதைக் காற்றிலிருந்தே பெறுகின்றன. ஆகவே காற்றில் வந்தது அவற்றின் உடலில் படிந்து நிற்கும். ஆலைக்கு அருகே எடுத்த மாதிரிகளில் பாதரசம் கூடுதலாக இருந்ததை 2003 இல் வெளியான அவர்களின் ஆய்வு காட்டியது. 2006 இல் வெளியான இன்னோர் ஆய்வு, கொடைக்கானல் ஏரியின் நீர், சேறு, மீன் ஆகியவற்றில் பாதரசம் இருப்பதைப் பேரிஜம், கூக்கால் ஏரிகளோடு ஒப்பிட்டுக் காட்டியது.

பாதரசம் ஆலைச் சுவருக்குள் அடங்கியிருக்கவில்லை என்பதற்கு இவை சான்று. இந்தக் காற்றை ஆலைக்குள் நின்று சுவாசித்தவர் எவ்வளவு சுவாசித்திருப்பார் என்ற கேள்விக்கு லைக்கனால் விடை சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமானது என்று அது காட்டிவிட்டது.

2011 முதல் 2016 வரை

2011 இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் சார்பில் அமைந்த குழுவின் அறிக்கை வேறு முடிவுக்கு வந்தது. பாதரசத்தால் தொழிலாளர்களும் அவர்களின் குடும்பத்தினரும் பாதிக்கப்பட்டனர் என்று அது கூறியது. ஒரே மக்கள், ஒரே ஆலை. இரண்டு குழுக்கள், இரண்டு முடிவுகள். வழக்கு நீண்டது.

2015 சூலையில் சென்னையைச் சேர்ந்த பாடகி சோபியா அஷ்ரப் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' என்ற காணொளி இணையத்தில் உலகம் முழுவதும் பரவியது. நீதிமன்றக் கோப்புகளில் பல ஆண்டுகளாகக் கிடந்த செய்தி சில நாள்களில் இலட்சக்கணக்கானவர்களிடம் போய்ச் சேர்ந்தது. 2016 மார்ச்சில் நிறுவனமும் முன்னாள் தொழிலாளர் சங்கமும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. உயர் நீதிமன்றத்தில் வழக்கு முடிவுக்கு வந்தது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் நிறுவனம் மனிதாபிமான அடிப்படையில் நிதி தந்தது. தொகை வெளியிடப்படவில்லை. நோய்க்குப் பாதரசமே காரணம் என்று நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை.

எனவே வழக்கு தீர்ந்தது, கேள்வி தீரவில்லை. இந்த 591 பேரில் யாருக்கு நோய் பாதரசத்தால் வந்தது என்பதை எந்த நீதிமன்றமும் தீர்ப்பாகச் சொல்லவில்லை. இனிச் சொல்லவும் முடியாது.

மருத்துவம் செய்யக்கூடியது

பாதரச நோய்க்கு முதல் சிகிச்சை மருந்தல்ல. நோயாளியைப் பாதரசத்திடமிருந்து விலக்குவது. வேலைப் பிரிவை மாற்றுவது, வேலைத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருப்பது, அறையின் காற்றோட்டத்தைச் சீர்செய்வது எல்லாம் இதில் அடங்கும். ஆரம்பத்திலேயே விலகினால் ஈறு வீக்கம், எரிச்சல், இலேசான நடுக்கம், சிறுநீரில் புரதம் ஆகியவை பலருக்குக் குறைந்துவிடும். நீண்ட காலம் கழித்து விலகினால் நடுக்கமும் மறதியும் நிலைத்துவிடலாம்.

அடுத்தது பற்றி நீக்கும் மருந்துகள். இவை உலோகத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. இந்த வகையின் முன்னோடி டைமெர்காப்ரால். இரண்டாம் உலகப் போரின்போது ஆர்செனிக் கலந்த போர் வாயுவுக்கு மாற்று மருந்தாக ஆக்ஸ்போர்டில் உருவானது. இப்போது டி.எம்.எஸ்.ஏ., டி.எம்.பி.எஸ். ஆகிய மருந்துகள் பயன்படுகின்றன. உடலில் பாதரசம் மிகுந்திருக்கும்போது, அறிகுறிகளும் இருக்கும்போது, நஞ்சு மருத்துவ வல்லுநரின் மேற்பார்வையில் இவற்றைத் தருவார்கள். ஆனால் இவை வெளியேற்றுவது பாதரசத்தைத்தான். ஏற்கெனவே கெட்டுவிட்ட நரம்பை இவை மீட்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பாதரசம் தானே வெளியேறி ஐந்தாறு ஆண்டு ஆனவருக்கு இவற்றால் பயனும் இல்லை.

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. உடலில் உள்ள நஞ்சையெல்லாம் நீக்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் இடங்கள் இன்று பெருகிவிட்டன. சில இடங்களில் முதலில் பற்றி நீக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, பிறகு சிறுநீரைச் சோதித்து, பாதரசம் மிகுந்திருக்கிறது என்று காட்டுவார்கள். அந்த மருந்தைக் கொடுத்தால் யாருடைய சிறுநீரிலும் உலோகம் கூடித்தான் தெரியும். அப்படிப்பட்ட சோதனைக்கு ஒப்பிட்டுப் பார்க்க நிலையான அளவுகோல் இல்லை. நஞ்சு மருத்துவர்கள் அதை ஏற்பதில்லை. நாட்பட்ட நோயால் களைத்தவர்கள் இதில் பணத்தையும் உடல்நலத்தையும் இழந்துவிடக் கூடாது.

மற்றவை வழக்கமான மருத்துவம்தான்: சிறுநீரகத்தைத் தொடர்ந்து கண்காணிப்பது, இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது, நடுக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் உரிய சிகிச்சை. இவற்றோடு, அவருடைய எரிச்சலும் மறதியும் குணக்கேடல்ல, நஞ்சின் விளைவாக இருக்கலாம் என்று குடும்பத்துக்கு விளக்கிச் சொல்வதும் சிகிச்சையின் பகுதியே. பல வீடுகளில் அந்த ஒரு விளக்கம் மருந்துக்கு இணையான ஆறுதல் தரும்.

மண்ணும் உலகமும்

ஆலை நின்ற நிலத்தைத் தூய்மை செய்வதிலும் சர்ச்சை தொடர்ந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்ற அளவு தூய்மைப் பணிக்கு ஏற்கப்பட்டது. சோலைக்காட்டின் மேற்சரிவில், ஆற்றுக்கு நீர் தரும் இடத்தில், அந்த அளவு போதாது, இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்று சூழல் ஆர்வலர்கள் எதிர்த்தனர்.

உலக அளவில், பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 2013 அக்டோபரில் சப்பானில் நிறைவேறியது. பாதிக்கப்பட்ட நகரின் நினைவாக அதற்கு மினமாட்டா உடன்படிக்கை என்று பெயர். அது 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018 இல் ஏற்புறுதி அளித்தது. பாதரச வெப்பமானிகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020 க்குள் நிறுத்த வேண்டும் என்பது அதன் விதி. காலநீட்டிப்புக் கோரவும் வழி உண்டு.

வீட்டில் இன்னும் பழைய வெப்பமானி இருந்து அது உடைந்துவிட்டால் பதற வேண்டாம். அதில் இருப்பது ஒரு கிராம் அளவே. சன்னல்களைத் திறந்துவிட்டுக் குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், துளிகள் மேலும் சிதறும். தூசி உறிஞ்சும் கருவியையும் பயன்படுத்தாதீர்கள், அதன் சூடு பாதரசத்தை ஆவியாக்கிப் பரப்பும். கெட்டியான அட்டையால் துளிகளை ஒன்றுசேர்த்து மூடியுள்ள புட்டியில் எடுத்து வையுங்கள்.

ஒரு கேள்வியின் மதிப்பு

இந்த வரலாறு மலைக்கு மட்டும் உரியதல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரங்களில் கல்குவாரிகளும் கல் அரைக்கும் கிரஷர்களும் இருக்கின்றன. அங்கே நஞ்சு பாதரசமல்ல, கல்தூசி. கல்தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலை விட்டு வெளியேறாது. அது உண்டாக்கும் தழும்பு எக்ஸ்ரே படத்தில் பல ஆண்டுக்குப் பின்னும் தெரியும். ஆயினும் இருமலோடு வருபவரிடம் என்ன வேலை செய்தீர்கள், எத்தனை ஆண்டு செய்தீர்கள் என்று கேட்காவிட்டால், அந்தத் தழும்பைக் காசநோய் என்று எண்ணிவிட நேரும்.

ராமசினி 1700 இல் கேட்கச் சொன்ன கேள்வி இன்றும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சீட்டில் ஒரு வரியாக இடம்பெறலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை. மருத்துவர் கேட்காவிட்டால் நோயாளியே சொல்லலாம். நஞ்சோடு வேலை செய்பவர் தன் சோதனை அறிக்கைகளின் படியை வாங்கி, ரேஷன் அட்டையைப் போல, பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். கொடைக்கானலில் 591 பேர் 15 ஆண்டு காத்திருந்தும் நோயின் காரணத்தைத் தீர்ப்பாகப் பெற முடியவில்லை. உரிய நேரத்தில் எழுதி வைத்த ஒரு தாளின் மதிப்பு என்ன என்பதை அவர்களின் அனுபவம் சொல்கிறது.